படிக்கட்டுச் சுவரில் இருந்த மேரி

லண்டன் வால்தம்ஸ்டோ சந்தையில், பழைய படங்கள் விற்பவரிடம் போன சனிக்கிழமை ஒரு கேலிச்சித்திரம் பார்த்தேன். விக்டோரியா காலத்து எஜமானி ஒருத்தி புதிய வேலைக்காரியிடம் சொல்கிறாள்: "உன் பெயர் இந்த வீட்டுக்கு நீளம். இனி நீ மேரி."

எண்பத்தெட்டில், அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டின் படிக்கட்டுச் சுவரிலும் இதே படம் தொங்கியது. எனக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை. மெழுகுப் பொலிஷ் மணக்க மணக்கக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "இதில சின்ன எழுத்தில என்ன எழுதியிருக்கு, வாசி பிள்ளை" என்றார். வாசித்துச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்த அம்மாவையும் அந்த வீட்டு வெள்ளைக்கார அம்மையார் மேரி என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா துணியை மடித்து வைத்துவிட்டு நேரே அவரிடம் போனார். "என் பெயர் மங்கையர்க்கரசி. அப்படித்தான் கூப்பிட வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மையார் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை. "வேலை போயிடுமோ அம்மா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"போனாப் போகட்டும். பெயரை விட ஏலாது."

அடுத்த வியாழன் அம்மையார் கதவைத் திறந்து, "குட் மோர்னிங், மங்கை..." என்று தடுமாறினார். அம்மா வாசலிலேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். முழுப்பெயரும் வந்த பிறகுதான் உள்ளே கால் வைத்தார்.