கை நனைக்க வைத்த மிட்டாய்

என்னைப் பெண் பார்க்கப் புத்தூரிலிருந்து வந்தவர்கள், சம்மதம் சொல்லும்வரை எங்கள் சித்தூர் வீட்டில் கை நனைக்கக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பஜ்ஜி, கேசரி, காபி வரைக்கும் பரவாயில்லை. சோற்றுக்கு இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

மாப்பிள்ளையை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே காபியைச் சட்டையில் கொட்டிக்கொள்கிற ஆளை எப்படிப் பிடிக்காமல் போகும்? ஆனால் அவருடைய அம்மா, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று இழுத்தார். அப்படி இழுத்துவிட்டுப் போன இரண்டு குடும்பங்களிடமிருந்து ஒரு தகவலும் வந்ததில்லை.

கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போயிருந்த அண்ணன் முந்தின நாள்தான் வந்திருந்தான். நம் பகல் அவனுக்கு ராத்திரி; உள்ளறையில் குறட்டை. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்திருக்கும்போது விருந்தாளிகளுக்கு அந்த ஊர் மிட்டாய் கொடுக்காவிட்டால் அம்மாவுக்கு மானம் போய்விடும். தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரிந்த அவள் அவன் பையைத் துழாவி, பழப்படம் போட்ட டப்பா ஒன்றைக் கண்டுபிடித்துத் தட்டில் கொட்டினாள்.

"அமெரிக்கா மிட்டாயி அண்ணா, துன்னுங்க."

மாப்பிள்ளையின் அப்பா மூன்றைத் தின்றார். "இன்னா ருசி!" என்று அடுத்ததையும் வாயில் போட்டபோது அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். தட்டைப் பார்த்தவுடன் அவன் தூக்கம் பறந்துவிட்டது. அம்மாவையும் என்னையும் சமையலறைக்கு இழுத்துப்போனான்.

"அது மெலடோனின்மா! தூக்கத்துக்கு. படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்னு டாக்டர் எனக்குச் சொல்லிகீறாரு."

"ஐயோ, அவருக்கு உசுருக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாதும்மா. இருட்டினா நம்ம உடம்பே சுரக்கறதுதான் அது. ராத்திரி ஆயிடுச்சின்னு உடம்புக்குச் சேதி சொல்லும். ஆனா அவரு கார் ஓட்டிக்கினு போவக் கூடாது."

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா கார் சாவியை எடுத்துவிட்டார். புதுக்கார். மாப்பிள்ளைக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. சொல்லிவிடாதே என்று அம்மா என் கையைக் கிள்ளினாள். அண்ணன் என்னைப் பார்த்தான். அமெரிக்கா வரை போய் வந்த வீரன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். பெண் பார்க்கும் நாளில் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள். நான் திறந்தேன்.

"மாமா, நீங்க துன்னது மிட்டாயி இல்ல, தூக்க மருந்து. வண்டிய எடுக்காதீங்க."

"பிபி மாத்திரை போடற மனுசனுக்கா இத குடுத்தீங்க!" என்று அவர் மனைவி கத்தினார். நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓடிப்போய்த் தெருக்கோடி டாக்டரை அழைத்து வந்தார். பிபி பார்த்துவிட்டு, பயமில்லை, தூங்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றார் டாக்டர். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் இதைத் தொடக் கூடாது என்றும், மிட்டாய் போலிருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்றும் அம்மாவைத் திட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா நைனாவின் கட்டிலில் பொழுது சாய்கிற வரை தூங்கினார். மாப்பிள்ளையும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று காவல் காத்தோம். அம்மா சும்மா இருப்பாளா? அடுப்பில் கறிக்குழம்பை ஏற்றிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா வாசனையை எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"இலையப் போடுங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எம் வூட்டுக்காரர தூங்க வெச்சிட்ட இல்ல? இனிமே தெனம் காத்தால நீயே வந்து எழுப்பு."