பிளக்ஸில் ஐரோப்பா

இன்று திருமங்கலத்தில் நண்பன் முருகனின் மகளுக்குக் காதணி விழா. மண்டப வாசலில் பெரிய பிளக்ஸ். ஐரோப்பாவில் ஏதோ தீம் பார்க் கோட்டைக்கு முன்னால் மொத்தக் குடும்பமும் பட்டு வேட்டி, பட்டுச் சேலையில் நிற்கிறது.

எனக்குச் சந்தேகம்.

"அந்தக் குளிருல வேட்டியா மாப்ள?"

"நெசமாவே போனோம் மாப்ள! ஓட்டல் ரூம் சன்னலத் தொறந்தா கோட்டைதான். ராட்டினம் அம்புட்டுலயும் ஏறுனோம். குல்லால மூஞ்சி தெரியலன்னு பிளக்ஸ் கடையில வேட்டி சேலையா மாத்துனோம்."

"பாஸ்போர்ட்டே இல்லாத உன் மாமனாரு நிக்கிறாரே?"

"விட்டா கோவிச்சுக்குவாருல்ல!"

நம்பாமல் நெருங்கிப் பார்த்தேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில் நானும் கும்பிட்டபடி நிற்கிறேன்.

பின்னாலேயே வந்த என் மனைவியும் பார்த்துவிட்டாள்.

"உங்களப் போட்டாக, என்னய ஏன் போடல?"

சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

நீங்களெல்லாம் போகாமலே எந்தெந்த நாட்டில் நிற்கிறீர்களோ, எதற்கும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.