கடப்பாக்கத்துக் கறுப்பு மணல்

போன வாரம் என் டைரக்டர் முன்னால் நின்று, என் சர்வீஸிலேயே கஷ்டமான வாக்கியத்தைச் சொன்னேன். ‘சார், அந்த ரிப்போர்ட் தப்பு.’

அப்போது காலை பத்து மணி. மதியம் அவர் அந்த ரிப்போர்ட்டோடு டெல்லிக்குப் பறக்க இருந்தார்!

பத்தி எழுதுகிற ஆசாமிக்கு ஏது டைரக்டர் என்கிறீர்களா? எழுத்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற ஆறு நாளும் லேப். கல்லிலும் மணலிலும் உலோகம் எவ்வளவு இருக்கிறது, அதை எப்படிப் பிரிப்பது — பதினோரு வருஷமாக இதே ஆராய்ச்சி. என் மாமனார் இன்னமும் ஊரில், ‘மாப்பிள்ளை மண்ணு சலிக்கிற ஆபீஸ்ல இருக்கார்’ என்றுதான் சொல்கிறார். தப்பும் இல்லை.

கடப்பாக்கம் கடற்கரையில் அங்கங்கே மணல் கறுப்பாகக் கிடக்கும். அந்தக் கறுப்பில் டைட்டானியம் இருக்கிறது. வெள்ளை மணலோடு கறுப்பு எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்கு இட்ட வேலை. நிறைய இருந்தால் அங்கே ஒரு தொழிற்சாலை வரும். எனக்குப் புரோமோஷன் வரும். இரண்டாவதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன்... மறைப்பானேன்?

முறை சுலபம். நூறு அடிக்கு ஒரு குழி, மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் கிடைக்கும் மணலைக் கிடைத்தபடியே ஒரு சின்னப் பையில் கட்ட வேண்டும். குழி தோண்ட உள்ளூரிலிருந்து கன்னியப்பனும் அவர் மனைவி சரோஜாவும் வந்தார்கள். நடவு, அறுப்பு என்று வயலிலேயே பாதி வயசைக் கழித்தவர்கள். முதல் குழியில் நானே இறங்கிக் காட்டினேன். கறுப்பு மணலை உள்ளங்கையில் ஏந்தி, ‘இது நிறைய இருந்தா எனக்குப் புரோமோஷன்’ என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும்!

அப்புறம்? வெயில். கருவாடு வியாபாரி காதர் பாய் அந்தப் பக்கம் வந்தார்.

‘இன்னா சார், இந்த வெயில்ல நின்னுகினு கீறீங்க? வாங்க, வூட்ல வஞ்சிர மீன் கொழம்பு கீது.’

போனேன். சாப்பிட்டேன். சற்றே சாய்ந்தேன்... நான் எழுந்து வந்தபோது சாயங்காலம். பன்னிரண்டு பையும் வாய் கட்டித் தயாராக இருந்தன.

லேபில் பிரித்துப் பார்த்தால் — அத்தனையும் கறுப்பு! சந்தேகப்பட வேண்டியவன் நான்தான். ஆனால் நல்ல சேதியைச் சந்தேகிக்க யாருக்கு மனசு வரும்? டைரக்டர் கை குலுக்கினார். டெல்லிக்கு டிரங்க் கால் போட்டார். ரிப்போர்ட்டில் நான் ஒரு வரி எழுதினேன்: ‘மணல் முழுவதும் எனது நேரடி மேற்பார்வையில் சேகரிக்கப்பட்டது.’ வஞ்சிர மீனுக்கு ரிப்போர்ட்டில் இடமில்லை.

டெல்லிக்காரர்களுக்குக் காட்ட இன்னும் ஒரு பை வேண்டும் என்றார் டைரக்டர். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி கடப்பாக்கம் போனேன். கன்னியப்பன் குழி தோண்டினார். சரோஜா அந்த மணலைச் சாக்கில் பரப்பிக் காயவிட்டார். பிறகு முறத்தில் அள்ளி, கடற்காற்றில் புடைக்க ஆரம்பித்தார்! வெள்ளை பறந்து விழுந்தது. கறுப்பு மட்டும் முறத்தில் தங்கியது.

‘என்னம்மா பண்றீங்க?’ என்று அலறினேன்.

‘இன்னா சார், பதரோட யாராச்சும் நெல்லு குடுப்பாங்களா? அன்னிக்கும் எல்லா பையும் பொடச்சித்தான் கட்னோம்.’

‘நீங்க நல்லா வரணும்னுதான் சார்’ என்றார் கன்னியப்பன். ‘அவளுக்குத்தான் ரெண்டு நாளு கை வலி.’

இவர்களைத் திட்டுவதா, கும்பிடுவதா?

திரும்பி வரும் பஸ்ஸில் மனசு பேரம் பேசியது. யாருக்குத் தெரியும்? டெல்லிக்காரனா வந்து குழி தோண்டப் போகிறான்? கருங்குழி ஸ்டாப் வரைக்கும் இந்தச் சமாதானம் தாங்கியது. செங்கல்பட்டு நெருங்கும்போது பேரம் முறிந்தது. தொழிற்சாலையைக் கட்டிவிட்டு வெறும் வெள்ளை மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே... அதில் வேலை கிடைக்கும் என்று நம்பிய கன்னியப்பன்களின் கதி? நிஜமாகவே பயந்துபோனேன்.

மறுநாள் சொல்லிவிட்டேன். மீன் குழம்பு உள்பட.

டைரக்டர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: ‘நம்ம மிஷின் ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாப் பிரிச்சதில்லையே... அந்த அம்மாவோட முறம் எந்தக் கம்பெனி?’

டிக்கெட் கேன்சல். என் புரோமோஷன் ஃபைலும் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. வலிக்கத்தான் செய்தது.

நமக்கு எது பிடிக்கும் என்று ஒருமுறை காட்டிக்கொண்டால் போதும் — பிரியமானவர்கள் மற்றதையெல்லாம் புடைத்துத் தள்ளிவிட்டுத்தான் நம்மிடம் கொண்டுவருவார்கள். மந்திரிக்கும் அப்படித்தான், மாமியாருக்கும் அப்படித்தான். பொய் சொல்கிறவனையாவது கண்டுபிடித்துவிடலாம். நம் மேல் பாசம் வைத்தவனை எப்படிச் சந்தேகிப்பது?

நேற்று மீண்டும் கடப்பாக்கம். இந்த முறை மண்வெட்டி என் கையில். வெள்ளையும் கறுப்புமாகக் கிடைத்ததைக் கிடைத்தபடியே பையில் அள்ளிப் போட்டேன். குழி மேட்டில் நின்ற கன்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

‘இன்னா சார் நீங்க... இப்டி அள்ளுனா உங்களுக்கு எவன் சார் புரோமோஷன் குடுப்பான்?’