எரிச்சலை அடக்கிய சொட்டு மருந்து

அடைப்பு எடுக்க வடிகுழாயில் கொட்டிய காஸ்டிக் சோடாத் தூள் பொங்கி என் இடது கண்ணில் தெறித்தபோது காலை பதினொரு மணி இருக்கும். ஃபோர்ட் கொச்சியில் ஒரு சிறிய விடுதியில் குளியலறை கழுவும் வேலை எனக்கு. இரண்டு கை தண்ணீர் அடித்துவிட்டு முந்தானையால் பொத்திக்கொண்டேன். அரைமணி நேரமாவது விடாமல் கழுவியிருக்க வேண்டும். உங்களுக்கு நேர்ந்தால் முதலில் தண்ணீர். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதன் பிறகு.

எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். தினமும் காலையில் கண் மரத்துப்போக மருந்து விட்டு, மழுங்கிய கண்ணாடிக் குச்சியை இமைக்குள் நுழைத்துச் சுற்றுவார்கள். வெந்த இமை கண்ணோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டுமாம். கொத்து வேலைக்குப் போகும் என் கணவர் செல்வம் அந்த நேரத்துக்கு வந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

வீட்டுக்கு வரும்போது ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) சொட்டு கொடுத்தார்கள். விட்டால் எரிச்சல் அடங்கியது. இரண்டு வாரத்தில் வந்து காட்டச் சொன்னார்கள். அலுப்பாக இருந்தது. மறுபடி எர்ணாகுளத்துக்குப் படகு, மறுபடி வரிசை, மறுபடி கண்ணில் அடிக்கும் அந்த வெளிச்சம். போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்து மட்டும் வாங்கினோம். நான்கு மாதம்.

வலி இல்லை. ஆனால் இடது தோள் அடிக்கடி கதவு நிலையில் இடித்தது. பல்பைச் சுற்றி வளையம் தெரிந்தது. அப்போதுதான் போனேன்.

முன்பு பார்த்த அதே டாக்டர், மலையாளிப் பெண்; அக்காவைச் சேச்சி, அண்ணனைச் சேட்டா என்பார். கண் அழுத்தத்தை அளந்தவர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"சேச்சி, இந்த மருந்து ரெண்டாழ்ச்சை, ரெண்டு வாரத்துக்குத்தானே எழுதினேன்?"

"நிறுத்தினா எரியுது டாக்டர்."

"எரிச்சலை அடக்கின மருந்துதான் கண்ணோட பிரஷரை ஏத்தியிருக்கு. உள்ளே பார்வை நரம்பு கெட்டுப்போச்சு."

செல்வம் குறுக்கே வந்தார். "அவ மேல தப்பில்ல டாக்டர். தீந்துபோச்சுன்னு சொல்வா, நான்தான் வாங்கியாந்து குடுப்பேன்."

"தப்பு ஆரோடதுன்னு பாக்கவேண்டாம் சேட்டா. போன பார்வை இனி திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்தணும்."

கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய ஒரு வழி வைத்து அறுவை செய்தார்கள். அழுத்தம் இறங்கியது. அந்தக் கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது, ஆவி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல.

இப்போது ஒரு சொட்டும் தவறுவதில்லை, ஒரு தேதியும் தவறுவதில்லை. என் நாள் காலை, மாலை என்று பிரிவதில்லை. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் கிடக்கிறது. தெருவில் நடக்கையில் செல்வம் என் இடப்பக்கம்தான் வருகிறார். அவர் இருக்கிறாரா என்று பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். பெரும்பாலும் திருப்புவதில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது, நடக்கிறேன்.