அப்பன் வீட்டு நாட்டுச்சர்க்கரை

என் வீட்டுக்காரருக்கு வாய் நாறும். அதை நான் ஒருநாளும் நாசூக்காகச் சொன்னதில்லை. "சாக்கடையத் தெறந்து வெச்சாப்புல இருக்குதுங்க, போய் ஹால்ல படுங்க" என்று தலையணையைத் தூக்கி வெளியே எறிந்தேன். மனிதர் மறுபேச்சில்லாமல் போனார். அப்படியே இரண்டு வருஷம். ஈறில் இரத்தம் வந்ததும், கீழ்வரிசை முன்பல் நாலும் ஆடியதும் எனக்குத் தெரியும். ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று அதற்கும் ஏசினேன்.

கடைசியில் காந்திபுரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனோம். வாயைப் பார்த்ததுமே இரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். எக்கச்சக்கமாக இருந்தது. "சர்க்கரை ஏறுனா ஈறு கெடும். ஈறு கெட்டா சர்க்கரை லேசுல எறங்காதுங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கோணும்" என்றார். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றப் புதிதாக ஒரு வழி இருந்தது. ஈறைத் திறந்து, எலும்பு கரைந்துபோன இடத்தில் எலும்புத் தூள் வைத்து, மேலே மெல்லிய சவ்வு போட்டுத் தைப்பது. பிடித்துக்கொண்டால் எலும்பு மறுபடி வளரும். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஈறைச் சுத்தம் செய்து, மாத்திரையும் கொடுத்து, சர்க்கரை இறங்கிய பிறகே தைத்தார்.

அன்று வீங்கிய வாயோடு என் வீட்டுக்காரர், "இது சரியாயிருச்சுன்னா ரூமுக்கு வந்துரலாமில்ல அம்மணி?" என்றார்.

"மொதல்ல ஆகட்டும், பார்க்கலாம்" என்றேன்.

வெள்ளைச் சர்க்கரையை அன்றே வீட்டைவிட்டு ஒழித்தேன். கொடுமுடிப் பக்கமிருந்து என் அப்பன் அனுப்பும் நாட்டுச்சர்க்கரைதான் இனிமேல் காபிக்கு, தினம் மூன்று வேளை, தாராளமாக. "இதுவும் சர்க்கரைதானே அம்மணி?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். "எங்கப்பன் காட்டுக் கரும்புங்க. மருந்தே அடிக்காதது. சும்மா குடிங்க" என்று சீறினேன். குடித்தார்.

தைத்த இடம் சீழ் பிடித்தது. சர்க்கரை பழையபடி ஏறியிருந்தது. நாலு பல்லையும் எடுத்தாயிற்று. "என்னங்க குடுத்தீங்க இவருக்கு?" என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் பஞ்சைக் கடித்தபடி, "நாந்தாங்க நாட்டுச்சர்க்கரை போடச் சொல்லிக் குடிச்சேன்" என்றார். டாக்டரம்மா அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். பாவி நான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் ரூமுக்குள் போனேன். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "கெட்ட பல்லுத்தான் போயிருச்சே, இனி நாறாது அம்மணி. உள்ள வரட்டுமா?"

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனிதர் நிஜமாகவே கேட்டுக்கொண்டு நின்றார்.