ஆடியில் அரபிக்கடல்

வைகாசியில் கல்யாணம். ஆனியில் அவர் கப்பல் ஏறிவிட்டார். ஆடி பிறக்கப்போகிறது என்று என் அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டோடு திருமயத்தில் இருந்த என் மாமியார் வீட்டுக்கு வந்து என்னை அழைத்தபோது, என் கணவர் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே எங்கோ ஒரு நிலக்கரிக் கப்பலின் இன்ஜின் அறையில் இருந்தார்.

புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடியில் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும்; சித்திரை அப்பன் தெருவிலே என்பார்கள். அப்பனாக வேண்டியவரோ நடுக்கடலில். யாரை யாரிடமிருந்து பிரிக்க இத்தனை பழமும் பலகாரமும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"அவங்கதான் இங்க இல்லையேம்மா. நான் எதுக்கு வரணும்?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க" என்றாள் அம்மா.

மாமனார் இறந்து பல வருஷமாகிறது. நான் கிளம்பினால் மாமியார் அந்த வீட்டில் தனி ஆள். அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். அத்தை "போய்ட்டு வாத்தா" என்று மட்டும் சொன்னார்.

பிறந்த வீடு ஆவுடையார்கோவில் பக்கம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். போனில் காற்றுக்கென்றே ஒரு வரைபடம் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கிளம்பி, சோமாலியா கரையை உரசி, அரபிக்கடல் முழுவதையும் உழுதுவிட்டு, கேரளத்தில் மழையைக் கொட்டித் தீர்த்து, மலை தாண்டி வெறுங்கையோடு எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது. எங்களுக்குப் புழுதி மட்டும்தான். ஜன்னல் கதவு படாரென்று அடித்தால் போதும், போனை எடுத்துவிடுவேன். அவர் கப்பலை உலுக்கிவிட்டு வந்த காற்றுதானே அது.

வரைபடத்தில் கடல் அமைதியாக இருந்தால் நீலம். அப்புறம் பச்சை, மஞ்சள், சிவப்பு. அவர் வரவேண்டிய வழி சிவப்பையும் தாண்டிக் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. அலை மூன்று ஆள் உயரம். "பழைய கப்பல், நடுக்கடல்ல நெட் கெடைக்காது. குஜராத் கரைக்கு வந்ததும் பேசுறேன்" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. எனக்கு வேண்டியது அவர் குரல், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சாயங்காலச் செய்தியில் வானிலை வரும். உள் மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பில்லை என்றதும் வீட்டில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் சேனலை மாற்றிவிடுவார்கள். கடைசியாக மீனவர்களுக்கான எச்சரிக்கை என்று ஒன்று படிப்பார்களே, அதற்காக ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். தென்மேற்கு அரபிக்கடல் என்ற பெயர் வந்ததும் சத்தத்தைக் கூட்டுவேன். அம்மா அடுக்களையிலிருந்து, "அது யாருக்கோ சொல்றது, நீ சாப்பிட வா" என்பாள்.

ஒருநாள் அப்பா மீமிசலில் மீன் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

"கரையில நின்னு பாத்துட்டுத்தாம்மா வாரேன். அலையே இல்ல. நீ சும்மா போனப் பாத்துப் பயந்துக்கிட்டுக் கெடக்குற."

எங்கள் பக்கத்துக் கரையில் ஆடிக்காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். அலை எழும்பாது. ஐப்பசி, கார்த்திகைக் கடலைத்தான் எங்கள் ஆட்கள் கண்டு பயப்படுவார்கள். அதே காற்று அந்தப் பக்கத்துக் கடலைக் கடைந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். "இங்கிட்டு ஒரு கடலு, அங்கிட்டு ஒரு கடலா? எல்லாம் ஒரே தண்ணிதாம்மா" என்று சிரித்தார். எனக்காகவே அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரிடம் என்ன சண்டை போடுவது? மீனை ஆய்ந்து கொடுத்தேன். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்குப் போல நான் என்றைக்கும் தனியாக இருந்ததில்லை.

அத்தைக்குத் தினமும் போன் செய்வேன். "சாப்டியாத்தா?" என்பார், "வச்சிர்றேன்" என்பார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கல் நெஞ்சுக்காரி என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆடி பாதி ஆனபோது, வைக்கப்போனவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஆத்தா, அந்தப் படத்துல இன்னிக்கு என்ன கலரு?"

நான் அந்த வரைபடத்தை அவருக்குக் காட்டியதே இல்லை. அங்கே இருந்த நாட்களில் நான் பார்ப்பதை அவர் பார்த்திருக்கிறார். "பச்சைதாங்கத்தை" என்றேன். குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் துணியை எடுத்து வைத்தேன். அம்மா வாசலை மறித்தாள். "ஆடி முடியாமப் போனா ஊரு சிரிக்கும்டி."

"மாப்பிள்ளை இருக்குற வீட்டுக்குத்தானே போகக் கூடாது? அங்க மாமியாதான இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அறந்தாங்கியில் பஸ் மாறித் திருமயத்தில் இறங்கும்போது கண்ணெல்லாம் மண்.

அத்தை கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "முறை கெட்டுப்போச்சேத்தா" என்றார். சொல்லிக்கொண்டே பையை வாங்கி உள்ளே வைத்தார். அன்று மத்தியானம் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு அந்த நிறத்தைப் பார்த்தோம். "இதுலயா வர்றான்?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் பச்சை என்று சொல்ல முடியவில்லை.

அதற்கடுத்த நாள் அத்தை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என்னுடையது இல்லை, அத்தையுடையது. அவருக்குக் கை ஈரம். ஸ்பீக்கரைத் தட்டிவிடச் சொன்னார், நான் தட்டினேன்.

"அம்மா, நாந்தான். கரைக்கு வந்துட்டோம்."

அவர் குரல். முதலில் அம்மாவுக்குத்தான் அடித்திருக்கிறார் என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"செத்துருவேன்னு நெனச்சேம்மா. சோறு தண்ணி உள்ள எறங்கல. ஆளுங்கள அங்கயும் இங்கயும் தூக்கி அடிச்சுச்சு, ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சுபோச்சு. அவகிட்ட இதெல்லாம் சொல்லிறாதீங்கம்மா. அவங்க அம்மா வீட்லயாவது நிம்மதியா இருக்கட்டும்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். எத்தனையோ நாளாகக் காத்திருந்த குரல் கை எட்டும் தூரத்தில் இருந்தது. என்னால் ஒரு சத்தம் கொடுக்க முடியவில்லை.

"சொல்லலப்பா" என்றார் அத்தை. "நீ மொதல்ல சாப்பிடு."

கொஞ்ச நேரம் கழித்து என் போன் அடித்தது. மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். குரலில் அப்படி ஓர் உற்சாகம். கடல் தொட்டில் மாதிரி ஆட்டியது, நன்றாகத் தூங்கினேன், எடைகூடக் கூடிவிட்டது என்றார். அப்படியாங்க, அப்படியாங்க என்று கேட்டுக்கொண்டேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நீ எப்படி இருக்க?" என்று போனில் கேட்டார்.

"எனக்கென்னங்க" என்றேன். "அம்மா வீட்லதான் இருக்கேன்."