மிளகாய்ச் சாக்குக் கால்மிதி

இடக்கொச்சியில் கால்மிதிப் பட்டறை நடத்தும் ஆவுடையம்மாளைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மட்டாஞ்சேரிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் என்னிடம் வாங்கிய வேலை கொஞ்சநஞ்சமா? "கனகா, இழு. கனகா, முறுக்கு. கனகா, தூங்காதே." நான் என்ன அவள் வீட்டுச் செக்குமாடா?

1982ஆம் வருஷம். வெள்ளிக்கிழமை மதியம் கைவேலை வகுப்பு. மற்றவர்கள் காகிதப்பூ செய்வார்கள். எங்கள் தெருவில் இருந்ததெல்லாம் மிளகு, சுக்கு, மிளகாய் குடோன்கள். கிழிந்த சாக்குகளைப் பின்பக்கம் போட்டுக் கொளுத்துவார்கள். கொடியில் காயும் துணியெல்லாம் கரி. ஆவுடை நேரே காவல்காரரிடம் போய், "கொளுத்துறதை எங்களுக்குத் தாங்க சேட்டா" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டாள். ஆறு பேர் சேர்ந்தோம். சாக்கைப் பிரித்து, சணலைச் சடைபோலப் பின்னி, வட்டமாகச் சுற்றி, கோணி ஊசியால் தைத்தால் கால்மிதி. இப்போது இதற்குச் சுற்றுச்சூழல் அது இதென்று பெரிய பெரிய பேரெல்லாம் வைக்கிறார்கள். அப்போது அது வெறும் சாக்கு மிதி. ஆனாலும் கேட்டு வந்து வாங்கினார்கள், தெரியுமா!

ஆவுடைக்கு மட்டும் அது விளையாட்டில்லை. ஒன்பதாவதில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். அவள் அம்மா அங்கம்மாள் மிளகாய் குடோனில் காம்பு கிள்ளுகிறவர். "உன்னாலே பள்ளிக்கூடத்துலே ஏதாவது ஆகும்னு டீச்சர் வாயாலே சொல்லட்டும், பத்தாவது போ. இல்லேன்னா லீவு விட்டதும் எங்கூடக் காம்பு கிள்ள வா" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எர்ணாகுளத்திலிருந்து கல்வி அதிகாரி வந்தார். தலைமையாசிரியை ஓமனா டீச்சர் அறை முழுக்க எங்கள் மிதிகள்தான். ஆவுடைக்குத் தரையில் கால் பாவவில்லை. அதிகாரி உட்கார்ந்தார், மின்விசிறியைப் போட்டார்கள், அவ்வளவுதான். தும்மினார் பாருங்கள், பதினோரு தும்மல்! திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஓமனா டீச்சருக்கும் கண், மூக்கு எல்லாம் ஊற்றியது. மிதிகள் மிளகாய்ச் சாக்கில் செய்தவை. நாங்கள் ஆறு பேரும் கல்லுக்குண்டு மாதிரி நின்றோம். ஒருத்திக்கும் மூக்கு அரிக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. வேண்டுமென்றே செய்தோம் என்று முடிவுகட்டி, கைவேலை அறையைப் பூட்டிவிட்டார் டீச்சர்.

மறுநாள் அங்கம்மாளை வரச் சொன்னார்கள். வேலையிலிருந்து அப்படியே வந்தார். சேலையெல்லாம் மிளகாய்த் தூசி. அவர் வாசலில் கால் வைத்ததுமே டீச்சர் தும்மினார்.

"நிங்ஙளோட மகள் செய்த பணி கண்டோ? சார் முன்னாடி என் மானம் போச்சு!"

அங்கம்மாள் ஒரு மிதியை எடுத்து முகத்தோடு அழுத்தி ஆழமாக மூச்சிழுத்தார். "இதுலே ஒண்ணுமில்லையே டீச்சர். நல்லாத்தானே இருக்கு."

"எந்தா இது! இங்கே நிக்கவே முடியலை, கண்ணு எரியுது!"

அங்கம்மாள் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். "ஏட்டி, உனக்குமா தெரியலை?"

"சத்தியமாத் தெரியலைம்மா. பூ வச்சாக்கூட மணக்காது. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அங்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் குடியிருந்தது குடோனை ஒட்டிய ஒற்றை அறை. படுக்கை, தலையணை எல்லாமே சாக்குதான். "என் மூக்கு செத்துப் பன்னெண்டு வருஷமாச்சு டீச்சர். அது கூலிக்குப் போனது. இவ ஒரு நாளும் காம்பு கிள்ளலையே, இவளுக்கு ஏன் போகணும்?" என்று விம்மினார். எனக்கும் அழுகை வந்தது. மிளகாயால் இல்லை.

ஓமனா டீச்சரின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆவுடை நல்ல பணிக்காரி. அவள் பத்தாம் கிளாஸ் படிக்கட்டும்" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஆனா இனி எல்லா மிதியும் முதல்ல என் மேசைக்கு வரணும். நான் தும்மலைன்னா மட்டும் விக்கலாம், மனசிலாயோ?" என்றார்.

அன்றிலிருந்து சாக்கை மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு நாள் காயப்போட்டு, கடைசியில் டீச்சர் மூக்கு. அந்தப் பரீட்சையில் எங்கள் மிதிகள் பலமுறை தோற்றன. அங்கம்மாள் அந்த அறையைக் காலி செய்து இடக்கொச்சிக்குக் குடிபோனார். தான் மட்டும் அங்கிருந்து வேலைக்கு வந்துபோனார். ஆவுடையும் பஸ்ஸில் பள்ளிக்கு வந்தாள், அதிகாரம் துளியும் குறையாமல்.

அடுத்த வருஷம், பத்தாவது படிக்கும்போது, ஒரு மத்தியானம் இன்னும் அலசாத மிளகாய்ச் சாக்கொன்றை உதறிக்கொண்டிருந்தாள். முகம் கோணிற்று. வாய் திறந்தது. தும்மினாள்! எங்கள் ஆவுடை!

சாக்கை எறிந்துவிட்டு ஓடினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். குடோன் வாசலில் போய் நின்றதும் அடுக்கடுக்காகத் தும்மல். உள்ளே காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே யாரும் தும்மி எத்தனை காலமோ!

அங்கம்மாளின் கை நின்றது. ஒவ்வொரு தும்மலுக்கும், "நூறு! எறநூறு! முந்நூறு!" என்று ஆயுசு சொல்லிக்கொண்டே எழுந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. ஆவுடை அம்மாவிடம் போகப் படியில் கால் வைத்தாள்.

"உள்ளே வராதேட்டி!" என்று கத்தினார் அங்கம்மாள். "அங்கேயே நில்லு. நான் வாரேன்."